ஒரு உருண்டை வடகம்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் தாளிக்க மாட்டார்கள். சேதி காதில் விழுந்த நிமிஷமே அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவார்கள். ஆக்கி வைத்தது எதுவாக இருந்தாலும் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். பிணம் எடுக்கிறவரை வீட்டு ஆட்கள், சின்னப் பிள்ளையாக இருந்தாலும், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. எடுத்த பிறகு தாய்வீட்டுக்காரர்கள் யாராவது சோறாக்கிக் கொண்டுவருவார்கள். அந்தக் குழம்பிலும் கடுகு வெடித்திருக்காது, வடகம் மணக்காது. புளியும் உப்பும் மிளகாயும் கொதித்த தண்ணீர், அவ்வளவுதான். ஒரு வீட்டில் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் நின்று மூச்சு இழுத்தால் போதும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொளஞ்சியம்மாளைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். நான் திட்டப் போவதில்லை.

கச்சிராயபாளையத்துக்குத் தெற்கே, கோமுகி அணை வாய்க்கால் ஓரம் அவள் வீடு. ஓட்டு வீடு, வாசலில் ஒரு முருங்கை, பின்னால் ஒரு கத்திரிப் பாத்தி, அதைத் தாண்டினால் குத்தகைக் கரும்பு. புருஷன் பொன்னுரங்கம். பெண்கள் இரண்டு பேர். பெரியவள் தமிழ்மொழி பன்னிரண்டாவது முடித்தவள். சின்னவளுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பேர் இருந்தது, வீட்டில் சின்னப்பொண்ணு. மாமனார் பாவாடைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பார்வை போன மனுஷன் அந்த வீட்டை மூக்காலும் காதாலும் நடத்திக்கொண்டிருந்தார். அடுப்பில் வெந்தயம் ஒரு சிட்டிகை கருகினால் வாசலில் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

கொளஞ்சி கையில் வடகம் நன்றாக வரும். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகும் உளுந்தும் சீரகமும் வெந்தயமும் மஞ்சளும் உப்பும் போட்டு, விளக்கெண்ணெய் ஊற்றிப் பிசைந்து உருட்டி வைப்பாள். காலையில் உதிர்த்துக் காயப்போடுவாள், சாயந்திரம் மறுபடி உருட்டுவாள். பத்துப் பன்னிரண்டு நாள் இதே வேலை. கடைசியில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பானையில் போட்டு மூடினால் அடுத்த சித்திரை வரைக்கும் குழம்புக்குக் கவலை இல்லை. வெறும் புளித்தண்ணீரில் ஒரு கிள்ளு தாளித்துக் கொட்டினாலும் அது குழம்பாகிவிடும். அந்த வருஷம் கோடை மழை கெடுத்துவிட்டது. காயப்போட்டதில் பாதி பூசணம் பிடித்துப்போயிற்று. ஆவணி முடிகிறபோது பானையின் அடியில் மூன்றே மூன்று உருண்டை கிடந்தன.

எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். புரட்டாசி முதல் தேதி வியாழக்கிழமை தொடங்கி அடுத்த புதன்கிழமை முடிகிற மாதிரி. பொன்னுரங்கம் போவான் என்று யாரும் நினைக்கவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தன் முன்னால் புகுந்தால் ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விடுகிற ஆள். ஆனால் தமிழ்மொழி டீச்சர் பயிற்சிக்கு எழுதிப்போட்டு, இடம் இல்லை என்று ஆனி மாசம் ஒரு கடிதம் வந்தது. அதை அவன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சட்டை மாற்றும்போதெல்லாம் கடிதமும் சட்டை மாறியது. மறியல் என்று காதில் விழுந்ததும், வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டு வருகிறேன் என்கிற குரலில், நானும் போகிறேன் என்றான்.

புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. அதனால் புதன்கிழமை மத்தியானம், இருந்த வாளைக் கருவாட்டைக் கத்திரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்தாள். உருண்டையில் கால்வாசி கிள்ளித் தாளித்தாள். அவன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் போகிற டிராக்டர் ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. கைகழுவின ஈரத்தோடு துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"ஏழு நாளு தான? வர புதன்கிழமை வூட்ல சாப்புடுவேன்" என்றான்.

"புதன்கிழமை கருவாடு கெடைக்காது. புரட்டாசி."

"கத்திரிக்கா போதும். வெள்ளிமலையான் குடுத்த சாமை கீதுல்ல, அத ஆக்கு. வடகத்த மட்டும் கம்மி பண்ணாத. மதகாண்ட வரும்போதே எனக்கு மணக்கணும்."

வெள்ளிமலையில் அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. கருவாடும் உப்பும் மேலே போகும், சாமை கீழே வரும். அப்படி வந்த இரண்டு படி சாமை ஒரு மஞ்சள் பையில் பரணில் இருந்தது. கொளஞ்சி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அந்தப் பையும் ஒரு உருண்டை வடகமும் புதன்கிழமைக்கு. மற்ற நாட்களை எப்படியாவது ஓட்டிவிட வேண்டியது.

வியாழக்கிழமை காலையில் ஊர் எழுந்தபோது பஸ் சத்தம் இல்லை. எப்போதும் ஆறு மணிக்கு வருகிற டவுன் பஸ்ஸின் உறுமலை வைத்துத்தான் பாவாடை எழுந்திருப்பார். அன்றைக்கு ஏழுக்கு மேல் படுத்திருந்தார். ரோட்டுப் பக்கம் கோடாலிச் சத்தமும், பிறகு ஒரு மரம் சாய்கிற சத்தமும் கேட்டன. "புளி" என்றார் கிழவர். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "இது வேம்பு." அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் கடைசலும். நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, துடுப்பால் அழுத்திக் கிண்டி, ஈரக்கையால் உருட்டி நாலு உருண்டை வைத்தாள். கீரையில் வடகத்தைக் கிள்ளித் தாளித்தாள்.

இரண்டு நாளில் நிலைமை தெரிந்துபோயிற்று. கடை மூடியிருந்தது. நெல் ஒரு மூட்டை இருந்தும் அரைக்க மில் திறக்கவில்லை. உரலில் குத்தலாம் என்று பார்த்தால், அவித்துக் காயவைக்க வெயில் நிற்கவில்லை. கல்வராயன் மலை மேல் மத்தியானமே கருத்து, மூன்று மணிக்கெல்லாம் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போனது மழை. கேழ்வரகு மாவு ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு கிழங்குதான். வரப்போரம் ஊன்றிய மரவள்ளியைப் பிடுங்கி, தோலுரித்து, உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தாள். பெரியவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். சின்னப்பொண்ணுக்கு வயிறு கேட்கவில்லை. இரண்டு வேளை சாப்பிட்டு, மூன்றாம் வேளை வாந்தி எடுத்தாள். பரணில் இருக்கிற சாமையை எடுத்துக் கஞ்சியாவது வைத்துக்கொடு என்று பாவாடை சொன்னார். கொளஞ்சி எடுக்கவில்லை. அது பிடிவாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். பையைப் பிரித்தால் அவன் வர மாட்டான் என்று அவளுக்குள் எப்படியோ பதிந்துவிட்டது.

அவர்கள் கரும்பில் களை வெட்டுகிற ஆயம்மாள் தினமும் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தாள். காலனியில் அவள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். வேலை இல்லாததால் கூலி இல்லை. வாய்க்காலில் பிடித்த நண்டு நாலு கொண்டுவந்தாள். புரட்டாசி என்று கொளஞ்சி மறுத்தாள், கிழங்கு கொஞ்சம் கொடுத்தனுப்பினாள். ஆயம்மாள் வழக்கம்போலக் கொல்லைப்புறப் படலுக்கு அந்தப் பக்கம் நின்றே வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்கு உழைக்கிறவள், ஒரு நாள்கூட வாசற்படி தாண்டியதில்லை. தாண்டச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கொளஞ்சியின் அண்ணி பூமாலை வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்திருந்தாள். கையில் துணி போட்டு மூடிய ஒரு சோற்றுக் குண்டான், இன்னொரு கையில் தூக்குச்சட்டி. முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் வாசலில் வைத்தாள். அரிசிச் சோற்று ஆவி மோப்பம் பட்டு சின்னப்பொண்ணு எழுந்து ஓடிவந்தாள். அவள் ஒரு பருக்கை அரிசிச் சோறு பார்த்து நாலு நாள் ஆகியிருந்தது.

அண்ணி சோறு கொண்டுவந்ததில் கொளஞ்சிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாளே என்று. தூக்குச்சட்டியைத் திறந்தாள். பருப்பில்லாத புளிக்குழம்பு. கரண்டியால் ஒரு தரம் அடிவரை கிளறிப் பார்த்தாள். ஒரு கடுகு மேலே வரவில்லை. ஒரு கறிவேப்பிலை இல்லை.

"இன்னா அண்ணி, தாளிக்கல?" என்று கேட்டாள்.

பூமாலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னத்தான் கேக்கறேன். ஏன் தாளிக்கல?"

"ஊர்ல பேசிக்கிறாங்க கொளஞ்சி. அந்தப் பக்கம் ரோட்டுல எவ்ளோவோ நடந்துபோச்சாம். நம்ம கச்சிராயபாளையத்து ஆளு ஒருத்தரும் செத்துட்டாருன்னு சொல்றாங்க. ஒங்க அண்ணனுக்கு மனசு கேக்கல. நாளைக்கு ஒருத்தரு நம்மள கேக்கக் கூடாதுல்ல, மொதல்ல நாமதான சோறு எடுக்கணும்னு..."

"செத்தவரு பேரு சொன்னாங்களா?"

"பேரு தெரியல."

கொளஞ்சி தூக்குச்சட்டியை மூடினாள். குண்டான் மேல் துணியைச் சரியாக இழுத்துப் போர்த்தினாள். சின்னப்பொண்ணு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சோறு என்று முனகியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

"எடுத்துக்கினு போ அண்ணி. எம் புள்ளைங்க பசியோட கெடக்கட்டும். இத துன்னா அவங்க அப்பனையே துன்ன மாதிரி."

பூமாலை அழுதுகொண்டே போனாள். நல்லதுக்கு வந்தவள்தான், பாவம். முறை தெரிந்தவள் முறையைச் செய்தாள். அவள் வாய்க்காலில் இறங்குவதற்குள் கொளஞ்சி அடுப்பை மூட்டி, சட்டியில் எண்ணெய் ஊற்றி, வடகத்தை எப்போதும் போடுவதைவிட இரண்டு மடங்கு கிள்ளிப் போட்டாள். அவித்த கிழங்கை மசித்து அதில் கொட்டிப் புரட்டினாள். அந்த மணம் வாய்க்கால் தாண்டியும் போயிருக்கும். போக வேண்டும் என்றுதான் போட்டாள். தெருவில் இரண்டு பேர் நின்று, அந்த வூட்ல தாளிக்கிறாங்க, ஒண்ணும் இல்ல போ, என்று பேசிக்கொண்டு போனது பாவாடைக்குக் கேட்டது. அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அவள் செய்ததுதான் சரி. திங்கட்கிழமை பொன்னுரங்கம் உயிரோடுதான் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வரப்பு வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பால்காரர் வந்தார். எலவனாசூர்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு மரத்தடியில் எல்லாருமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்களாம். இவன் பக்கத்து ஆளிடம் தன் வீட்டு வடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தானாம். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லச் சொன்னானாம். கொளஞ்சி அந்த ஆளுக்கு மோர் கொடுக்கலாம் என்று தேடி, மோர் இல்லாமல், தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் பிழிந்து கொடுத்தாள். அவர் போன பிறகு கொல்லையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதனால் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு சின்னப்பொண்ணு ஒன்றும் சாப்பிடவில்லை. கிழங்கைப் பார்த்தாலே குமட்டியது. நாளைக்கு அப்பா வருவார், சாமைச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு என்று சொல்லிச் சொல்லி அவளைப் படுக்க வைத்தார்கள். பாவாடையும் சாப்பிடவில்லை. பேத்தி சாப்பிடாமல் எனக்கு இறங்காது என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை விடிந்ததும் கொளஞ்சி குளித்துவிட்டுப் பரணில் இருந்து மஞ்சள் பையை இறக்கினாள். சாமையைப் புடைத்து, கல் பார்த்து, மூன்று தண்ணீரில் களைந்தாள். பாத்தியில் ஏழு கத்திரிக்காய் தேறியது. பிஞ்சு ஊதா நிறக் காய்கள், காம்பில் முள் இருக்கும், வெந்தால் வெண்ணெயாகக் குழையும். நாலாகக் கீறித் தண்ணீரில் போட்டாள். ஒரு கைப்பிடி காராமணியைத் தனியாக வேகவைத்தாள். புளியைக் கரைத்து, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டாள். எண்ணெய்ப் புட்டி காலியாகியிருந்தது. சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது, அதை எடுத்து வைத்துக்கொண்டாள். பானையில் கைவிட்டுக் கடைசி உருண்டையை எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தாள். மணி பத்து இருக்கும். மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. தமிழ்மொழி முற்றத்தைக் கூட்டினாள். வீட்டில் ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது.

குழம்பு கொதி வந்து, பக்கத்து அடுப்பில் உலை காய்ந்து, சாமையைக் கொட்டுகிற நேரத்தில் கொல்லைப்படலில் ஆயம்மாள் நின்றாள். கரும்புக்குள் ஓடிவந்திருக்கிறாள். கையெல்லாம் கரும்புச் சோகை இலை கிழித்திருந்தது. மூச்சு வாங்கியது.

"இன்னா ஆயம்மா?"

"யம்மா, மதகுக்கு அந்தாண்ட ஒரு மாட்டு வண்டி வருதுங்க. சின்னதொரை அய்யாவும் ஏழெட்டுப் பேரும் வராங்க."

சின்னதுரை பொன்னுரங்கத்தின் பெரியப்பா மகன். கொளஞ்சிக்கு மூத்தார் முறை, அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அதே டிராக்டரில் போனவர்.

"அவரு வராரா?"

ஆயம்மாள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வண்டில யாரும் குந்தலைங்க. அவ்ளோ சேத்துலயும் எல்லாரும் பின்னால நடந்துதான் வராங்க. பேசாம வராங்க."

எங்கள் பக்கத்தில் பிணம் வருகிற வண்டியில் ஓட்டுகிறவனும் ஏறமாட்டான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

கொளஞ்சி கையில் களைந்த சாமைப் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே போடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சின்னப்பொண்ணு பாயில் சுருண்டு, கண்ணை மட்டும் திறந்து, குழம்பு கொதிக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"எம்மாம் நேரம் ஆவும் வண்டி வர்றதுக்கு?"

"மேட்டுல சேறு. மாடு இழுக்கமாட்டங்குது. அரை மணி ஆவுங்க."

"சாமை வேவ அவ்ளோ நேரம் ஆவாது" என்றாள் கொளஞ்சி. சாமையை உலையில் கொட்டினாள். "நீ உள்ள வா. இந்த அடுப்புக்கு நீ வெறகு தள்ளு. நான் குழம்பப் பாக்கறேன்."

ஆயம்மாள் அசையவில்லை.

"வாசப்படியப் பாத்துக்கினு நிக்காத. வா."

ஆயம்மாள் உள்ளே வந்தாள். அடுப்பு முன்னால் குந்தி, ஊதுகுழலை எடுத்து ஊதினாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. புகையும் இருந்தது. இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். சாமை பூத்து மேலே வந்தது. கொளஞ்சி காராமணியைக் குழம்பில் கொட்டினாள். கத்திரிக்காயை ஒரு விரலால் நசுக்கிப் பார்த்தாள், வெந்துவிட்டது. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றித் தணலில் வைத்தாள். புதன்கிழமைக்கென்று எடுத்து வைத்த உருண்டையைக் கிள்ளவில்லை. முழுசாக உதிர்த்துப் போட்டாள்.

கடுகு வெடித்தது. வெங்காயமும் பூண்டும் சிவந்து அந்த மணம் எழும்பியது. கரண்டியோடு குழம்பில் முக்கினாள், சொய்யென்று ஒரு சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பாவாடை முகத்தைத் தூக்கினார்.

"கொளஞ்சி."

"இன்னா மாமா?"

"வண்டிச் சத்தம் கேக்குது. ஆளுங்க நடக்கறதும் கேக்குது. ஒருத்தனும் பேசிக்கினு வரல."

கொளஞ்சி அவர் பக்கத்தில் வந்து குந்தினாள். காதுக்கு அருகில், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "வந்து சொல்லிட்டாங்கன்னா இத கொட்டிடணும் மாமா. அதுக்கு அப்புறம் நாளைக்கு எடுக்கறாங்களோ, ரோடு தொறந்து சனம் வந்து என்னைக்கு எடுக்கறாங்களோ. சின்னது நேத்து மத்தியானத்துலேர்ந்து பட்டினி."

பொன்னுரங்கம் கிழவருக்கு ஒரே மகன். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். தடவிக்கொண்டே உள்ளே வந்து, தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மொதல்ல போடு. தாத்தா துன்னா பொண்ணும் துன்னும். வா சின்னப்பொண்ணு, வந்து பக்கத்துல குந்து" என்றார்.

மூன்று தட்டு வைத்தாள். சாமைச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, கத்திரிக்காயாகப் பொறுக்கி ஊற்றினாள். அப்பா வந்த பிறகு சாப்பிடலாமே என்று தமிழ்மொழி கேட்டாள். அவருக்குப் பங்கு இருக்கிறது, நீ சாப்பிடு என்றாள் கொளஞ்சி. பாவாடை முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தார். விழுங்கிவிட்டு, "உப்பு சரியா கீது" என்றார். ஒவ்வொரு நாளும் சொல்கிற வார்த்தைதான். அதைக் கேட்டதும் சின்னப்பொண்ணு இரண்டு கையாலும் அள்ளித் தின்ன ஆரம்பித்தது.

அவன் போன கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் இங்கே உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே ஒரு பெரிய புளியமரத்தை வெட்டிக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். மரம் சாய வேண்டிய பக்கம் சாயாமல் திரும்பிவிட்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவன் கயிற்றை விட்டால் மரம் ஆள் மேல் விழுமே என்று ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கிக்கொண்டு போக வண்டி இல்லை. ரோடு முழுக்க அவர்களே வெட்டிப்போட்ட மரம். சாயந்திரம்வரை உயிர் இருந்தது. நாலாக மடித்த அந்தக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

வாசல் படலுக்கு வெளியே சின்னதுரை வந்து நின்றார். வண்டியை வாய்க்கால் மேட்டிலேயே நிறுத்திவிட்டு, சேதி சொல்ல முன்னால் வந்திருக்கிறார். தோள் துண்டு இடுப்பில் இறங்கியிருந்தது. முழங்கால்வரை சேறு. வாயைத் திறக்கப் போனார். மூத்தார் முன்னால் நிமிர்ந்து நின்றே பழக்கமில்லாத கொளஞ்சி, வாசலில் வந்து, கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

அவர் மூக்கில் வடக மணம் பட்டிருக்க வேண்டும். முகம் சுளித்தது. பிறகு அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். மூன்று முதுகு தெரிந்தது. சின்ன முதுகு தட்டின் மேல் குனிந்து ஆடிக்கொண்டிருந்தது. சின்னதுரை திறந்த வாயை மூடினார். நாலு அடி பின்னால் போய், முருங்கை நிழலில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் எத்தனையோ பஞ்சாயத்தில் எத்தனையோ தப்புப் பேசியவர். அன்றைக்கு அவர் அப்படித் திரும்பி நின்றதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

"யாரும்மா வெளில?" என்று தமிழ்மொழி தலையைத் திருப்பினாள்.

"தட்டப் பாத்துத் துன்னு."

அந்தக் குரலில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. பக்கத்தில் தாத்தாவைப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் இறங்கித் தாடியில் ஓட, நிறுத்தாமல் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்மொழி தங்கையைப் பார்த்தாள். தன் தட்டில் இருந்த கத்திரிக்காயை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பிறகு தானும் ஒரு வாய் எடுத்து விழுங்கினாள். இன்னொரு வாய். சின்னப்பொண்ணு இரண்டாம் தரம் சோறு கேட்டது. கொளஞ்சி போட்டாள். மூன்றாம் தரம் கொஞ்சம் கேட்டது. அதையும் போட்டாள். அவசரப்படுத்தவில்லை. வெளியே முருங்கை நிழலில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சின்னப்பொண்ணு விரலை நக்கிவிட்டு, ஏப்பம் விட்டு, "அப்பாவுக்கு வச்சிக்கீறியா?" என்று கேட்டது.

"வச்சிருக்கேன்."

கொளஞ்சி குழந்தையின் வாயைக் கழுவித் துடைத்தாள். மூன்று தட்டையும் தேய்த்துக் கவிழ்த்தாள். பானையில் ஒரு ஆள் சாப்பாடு இருந்தது. அதை அந்தப் பானையோடும் சட்டியோடும் தூக்கி ஆயம்மாள் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்களுக்கு எடுத்துக்கினு போ."

ஆயம்மாள் வாங்கத் தயங்கினாள். "யம்மா, இது அய்யாவோட..."

"இன்னும் யாரும் சொல்லல. சொல்ற வரைக்கும் இது நல்ல சோறு. கரும்பு வழியா போயிடு."

ஆயம்மாள் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தைச் சாய்த்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள். முதல் அடுப்பில் பாதி, இரண்டாவது அடுப்பில் பாதி ஊற்றினாள். சாம்பல் பொங்கி அடங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சின்னதுரை நின்ற முருங்கைப் பக்கம் திரும்பினாள். வடக மணம் இன்னும் போகவில்லை. மதகைத் தாண்டி, அவன் கேட்ட தூரம் வரைக்கும் அது போயிருந்தது.

"இப்ப சொல்லுங்க மாமா" என்றாள்.